போதுமான ஆபத்து

லோவெல் பிரிச்சட் பள்ளிப் பேருந்து ஓட்டுகிறவன். அவன் மனைவி ரேலின் கடைத்தெருவில் நாய்களுக்கு முடி வெட்டிக் குளிப்பாட்டும் கடை வைத்திருந்தாள். இருவருக்கும் அரசியல் கிடையாது. எங்கள் மாநிலத்தில் அரசியல் இல்லாதவர்கள் யானைச் சின்னக் கட்சிக்கு ஓட்டுப் போடுவார்கள், அவர்களும் போட்டுவந்தார்கள். மான் வேட்டைக்கென்று வீட்டில் இரண்டு துப்பாக்கிகள் இருந்தன. அதையும் லோவெல் அரசியலாக நினைத்ததில்லை.

ஐந்தாம் மாத ஸ்கேனில், குழந்தைக்கு மண்டை ஓடு உருவாகவே இல்லை என்று தெரிந்தது. உயிரோடு பிறந்தாலும் சில மணி நேரம்தான் என்றார் டாக்டர் ஃபென்விக். சொல்லிவிட்டு அந்த அம்மாள் எழுந்துபோய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தார். தன்னால் இதற்கு மேல் எதுவும் சொல்ல முடியாது, ஏன் சொல்ல முடியாது என்பதையும் சொல்ல முடியாது என்றார்.

விஷயம் இதுதான். எங்கள் சட்டப்படி, தாயின் உயிருக்குப் போதுமான ஆபத்து இருந்தால் மட்டுமே கர்ப்பத்தைக் கலைக்கலாம். போதுமானது என்றால் எவ்வளவு என்று சட்டத்தில் இல்லை. அதைத் தப்பாக ஊகிக்கிற டாக்டருக்கு எவ்வளவு காலம் சிறை என்பது மட்டும் தெளிவாக இருக்கிறது. பக்கத்து மாநிலத்துக்குப் போகலாமே என்றால், எங்கள் மாவட்டத்துச் சாலைகளை அந்தக் காரியத்துக்குப் பயன்படுத்தக் கூடாது என்று ஒரு தீர்மானம் உண்டு. வண்டி ஓட்டியவர்மேல் யார் வேண்டுமானாலும் வழக்குப் போடலாம். லோவெலின் எதிர்வீட்டுக்காரருக்கு வழக்குப் போடுவது பொழுதுபோக்கு. வழக்கு விழுந்தால் பள்ளிப் பேருந்து ஓட்டும் வேலை போய்விடும்.

சட்டத்தில் இரக்கமே இல்லை என்று யாரோ எழுதியதால், இரக்கத்துக்கென்றே சட்டமன்றத்தில் தனியாக ஒரு குழு அமைத்திருந்தார்கள். விதிவிலக்கு விசாரணைக் குழு என்று பெயர். அது இதுவரை யாருக்கும் விலக்கு தந்ததில்லை. ஆனால் வந்தவர்கள் எல்லோரையும் மரியாதையாக உட்காரவைத்துக் கேட்டிருக்கிறது. லோவெலும் ரேலினும் அங்கே போனார்கள்.

சட்டமன்ற வாசலில் நீண்ட வரிசை. ரேலினின் பையைக் காவலர் திறந்து பார்த்தார். உப்பு பிஸ்கட், தண்ணீர் பாட்டில், முதுகுக்கு வைக்கச் சின்னத் தலையணை. மூன்றையும் எடுத்து ஓரமாக வைத்தார்.

"தின்பண்டம் உள்ள போகக் கூடாதும்மா. தலையணையும் கூடாது. யார் மேலயாவது தூக்கி எறிஞ்சுட்டா?"

"அது இல்லாம அவளால உக்கார முடியாதுங்க," என்றான் லோவெல்.

"சார்கிட்ட துப்பாக்கி இருக்கா?"

"ஐயோ, இல்லைங்க." லோவெல் கைகளைத் தூக்கிக் காட்டினான்.

"அடடா. இருந்தா அந்தப் பக்கம் விரைவு வரிசை இருக்கு. லைசென்ஸ காட்டினா போதும், பையக்கூடப் பாக்க மாட்டோம்." காவலர் உண்மையாகவே வருத்தப்பட்டார். "அடுத்த தடவ மறக்காம எடுத்துட்டு வாங்க சார். மாசமா இருக்கற பொண்ண இவ்வளவு நேரமா நிக்க வைக்கிறது?"

குழு கூடும் அறை இரண்டாவது மாடியில் இருந்தது. ஜன்னல் கிடையாது. ஓக் மரக் கதவு ஒன்றே வழி. நீண்ட மேஜைக்குப் பின்னால் யானைக் கட்சிக்காரர் ஐந்து பேர், கழுதைக் கட்சிக்காரர் நான்கு பேர். குழுத் தலைவர் செனட்டர் க்ராட்டக் யானைக் கட்சி. பெரிய மாட்டுப் பண்ணைக்காரர். எதிர்த்தரப்பின் தலைவி செனட்டர் ஆஸ்ட்ராண்டர் அம்மையார், முன்னாள் பேராசிரியை. சாட்சி சொல்ல வந்திருந்த டாக்டர் ஃபென்விக் கடைசி நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். பேசுவதையெல்லாம் தட்டச்சு செய்ய மிஸஸ் பெக்கர். கதவருகே சபைக் காவல் அதிகாரி டூலி.

முதலில் பிரார்த்தனை. பிறகு கொடி வணக்கம். பிறகு துப்பாக்கிச் சூட்டில் இறந்தவர்களுக்கு மௌன அஞ்சலி. எந்தத் துப்பாக்கிச் சூடு என்று ஆஸ்ட்ராண்டர் கேட்டார்.

க்ராட்டக் காகிதத்தைப் புரட்டிப் பார்த்தார். "எல்லாத்துக்கும் சேத்துதாம்மா. தனித்தனியா எந்திரிச்சு நின்னா சாயங்காலம் ஆயிடும்."

எல்லாவற்றுக்கும் சேர்த்து நின்றார்கள். ரேலின் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

அவளுக்கு மூன்று நிமிடம் கொடுத்தார்கள். வீட்டில் கண்ணாடி முன் நின்று பழகியது எல்லாம் மறந்துபோய்விட்டது.

"அவளுக்குப் பேரு வெச்சிருக்கோம்," என்றாள். "அத இங்க சொல்ல மாட்டேன். தொட்டில் வாங்கியாச்சு. அவ பொழைக்க மாட்டான்னு தெரிஞ்சதுக்கப்புறமும் நான் தினமும் கடைக்குப் போறேன். வர்றவங்க எல்லாரும் வயித்தத் தொட்டுப் பாத்து எப்ப பொறக்கும்னு கேக்கறாங்க. எனக்குப் பதில் சொல்லத் தெரியல. இன்னும் நாலு மாசம் இந்தப் பதிலச் சொல்லிட்டே நடக்கச் சொல்றீங்க. நான் என்ன தப்புப் பண்ணேன்?"

க்ராட்டக்குக்குக் கண் கலங்கிவிட்டது. அவர் கெட்ட மனிதர் இல்லை. கைக்குட்டையை எடுக்கும்போது அது கீழே விழுந்தது. அதை எடுக்கக் குனிந்தபோது, கணுக்காலில் கட்டியிருந்த கைத்துப்பாக்கி நழுவித் தரையில் விழுந்து வெடித்தது.

குண்டு மிஸஸ் பெக்கரின் காது மடலை உரசிக்கொண்டு போய்ச் சுவரில் பாய்ந்தது. மிஸஸ் பெக்கர் முப்பது வருட அனுபவசாலி. 'துப்பாக்கிச் சத்தம்' என்று தட்டச்சு செய்துவிட்டுத்தான் காதைப் பிடித்துக்கொண்டார்.

அடுத்த கணம் மேஜைக்கு மேலே எட்டுத் துப்பாக்கிகள் முளைத்தன. கழுதைக் கட்சிக்காரர்களும் வைத்திருந்தார்கள். அவர்கள் துப்பாக்கிக்கு எதிராகப் பேசுகிறவர்கள் என்பதால் கைப்பைக்குள் வைத்திருந்தார்கள். யானைகள் கழுதைகளையும், கழுதைகள் யானைகளையும் குறிபார்த்தன. அந்தக் குழப்பத்திலும் சொந்தக் கட்சிக்காரரைக் குறிபார்த்தவர் ஒருவர்கூட இல்லை.

கட்டடம் முழுக்க அபாய மணி அலறியது. டூலி கதவைப் பூட்டிச் சாவியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். "யாரும் அசையாதீங்க. வெளிய ஆபத்து இல்லன்னு உறுதியாகற வரைக்கும் கதவத் தொறக்கக் கூடாது."

"ஆபத்து வெளிய இல்லைங்களே," என்றான் லோவெல். "சுட்டது ஐயாதானே? இங்கயே உக்காந்திருக்காரு."

"செனட்டர் சுடல. துப்பாக்கி விழுந்துச்சு. விழுந்த துப்பாக்கிய நான் எப்படி விசாரிக்கிறது?"

"சரி, உறுதி பண்றது யாரு?"

"சபைக் காவல் அதிகாரி. வெளிய போயி மாடி மாடியாப் பாத்துட்டு வந்து சொல்லணும்."

"அவரு எங்க?"

"நான்தான்."

"அப்ப போயிப் பாருங்க."

"யாரும் வெளிய போகக் கூடாதுன்னு சொன்னேனே. நான் யாரும் இல்லையா?"

டாக்டர் ஃபென்விக் தன் பையைத் திறந்து மிஸஸ் பெக்கரின் காதைத் துடைத்து, மருந்து போட்டு, அழகாகக் கட்டுப் போட்டார். அதற்கு எந்தச் சட்டமும் குறுக்கே நிற்கவில்லை. உறுப்பினர்கள் கை தட்டினார்கள். துப்பாக்கிக் காயத்துக்கு வைத்தியம் செய்வதில் எங்கள் டாக்டர்களை அடித்துக்கொள்ள ஆளில்லை, அவ்வளவு பழக்கம்.

க்ராட்டக் தொண்டையைச் சரிசெய்துகொண்டு எழுந்தார். "அவைக் குறிப்புல ஒண்ணு ஏத்தணும். இந்த ரூம்ல ஒம்பது துப்பாக்கி இருந்துச்சு. ஒண்ணுதான் வெடிச்சுது. மத்த எட்டும் பொறுப்பா நடந்துகிட்டுது. இத எந்தப் பத்திரிகையாவது எழுதுமா? எழுதாது!"

ஆஸ்ட்ராண்டர் மேஜைக்கு அடியில் உட்கார்ந்து தன் கைபேசியைப் பார்த்துப் பேசிக்கொண்டிருந்தார். "நண்பர்களே, உங்கள் ஆஸ்ட்ராண்டர் ஒரு துப்பாக்கிச் சூட்டுக்கு நடுவிலிருந்து பேசுகிறேன். இந்த வன்முறைக்கு முடிவு கட்ட நினைத்தால், கீழே உள்ள பொத்தானை அழுத்தி நன்கொடை…" கேமராவில் முகம் இருட்டாகத் தெரிந்ததால், கூட வந்திருந்த உதவியாளரிடம் டார்ச் அடிக்கச் சொல்லிவிட்டு மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தார்.

அப்போதுதான் ரேலின், "லோவெல்," என்றாள். அவள் காலடியில் தண்ணீர் தேங்கியிருந்தது. தண்ணீரில் சிவப்புக் கலந்திருந்தது.

டாக்டர் ஃபென்விக் எழுந்தார். எழுந்து இரண்டடி வைத்தவர் நின்றுவிட்டார். "பனிக்குடம் உடைஞ்சிருச்சு," என்றார். "இனிமே குழந்தை உள்ள இருக்க இருக்க அவங்களுக்குக் கிருமி ஏறும். இப்பவே எடுத்துடணும்."

"எடுங்க டாக்டர்! எனக்கு நீங்க என்ன விளக்கம் சொல்லிட்டு இருக்கீங்க?"

"குழந்தைக்கு இன்னும் இதயத் துடிப்பு இருக்கும் லோவெல். உங்க மனைவிக்கு இன்னும் காய்ச்சல் வரல. இப்ப நான் கை வெச்சா அது குற்றம்." பிறகு மிஸஸ் பெக்கர் பக்கம் திரும்பி, "நான் எழுந்தேன்னு எழுதாதீங்க, ப்ளீஸ்," என்றார். மிஸஸ் பெக்கர் ஏற்கெனவே எழுதிவிட்டிருந்தார்.

"எவ்வளவு காய்ச்சல் வரணும்?" என்று லோவெல் கேட்டான்.

டாக்டர் குழுவைப் பார்த்தார். குழு மகிழ்ந்துபோனது. இத்தனை நாளாகத் தங்கள் முன்னால் இப்படியொரு தெளிவான கேள்வி வந்ததில்லை. க்ராட்டக் சுத்தியலால் தட்டினார். போதுமான ஆபத்து இருக்கிறதா இல்லையா என்று விவாதம் தொடங்கியது.

யானைக் கட்சி உறுப்பினர் ஒருவர், அந்தப் பெண் நிமிர்ந்து உட்கார்ந்திருக்கிறாரே, ஆபத்தில் இருப்பவர்கள் படுத்திருப்பார்கள் அல்லவா என்றார். உடனே லோவெல் தன் கோட்டைத் தரையில் விரித்து ரேலினைப் படுக்கவைத்தான். இப்போது படுத்துவிட்டதால் அவருக்கு ஓய்வு கிடைத்திருக்கிறது, ஆபத்து குறைந்திருக்கும் என்றார் இன்னொருவர்.

"உங்க பண்ணையில ஒரு மாட்டுக்கு இப்படி ஆனா சும்மா பாத்துட்டு இருப்பீங்களாய்யா?" என்று கத்தினான் லோவெல்.

க்ராட்டக்கின் முகம் இளகியது. "மாடா இருந்தா நானே கைய விட்டு எடுத்திருப்பேன் தம்பி. எத்தன எடுத்திருக்கேன். மாட்டுக்குச் சட்டம் இல்ல, பாருங்க." சற்று யோசித்துவிட்டு, "மனுசங்கன்னா புனிதம். தொட முடியாது," என்றார்.

ஆஸ்ட்ராண்டர் மேஜைக்கு அடியிலேயே நகர்ந்து ரேலினிடம் வந்து, அவள் கையைப் பிடித்துக்கொண்டார். "என் தங்கமே, உன்னப் பாத்தா எனக்கு நெஞ்சே வெடிக்குது. இத நாடு முழுக்கப் பாக்கணும். நவம்பர்ல தேர்தல். அதுவரைக்கும் மட்டும் கொஞ்சம் தாங்கிக்கோ."

"நான் நவம்பர் வரைக்கும் இருப்பேனா?" என்றாள் ரேலின்.

"அத அப்படியே இன்னொரு தடவ சொல்லு கண்ணு. கேமராவப் பாத்து."

ரேலின் கையை உருவிக்கொண்டாள்.

ஓட்டெடுப்பு நடந்தது. ஆபத்து போதாது என்று ஐந்து, போதும் என்று நான்கு. யாரும் யாரையும் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை, ரேலினையும் பார்க்கவில்லை. அடுத்து, அவளுக்காகப் பிரார்த்தித்துக்கொள்வதாக ஒரு தீர்மானம் வந்தது. அது ஒருமனதாக நிறைவேறியது. கட்சி பேதமில்லாமல் ஒன்பது பேரும் கைகுலுக்கிக்கொண்டார்கள். ஒருவர் படம் எடுத்தார்.

டாக்டர் ஃபென்விக் லோவெலின் காதருகே குனிந்தார். "அந்தக் குண்டு மிஸஸ் பெக்கர் மேல படாம உங்க மனைவி மேல பட்டிருந்தா, நான் இந்நேரம் எல்லாமே செஞ்சிருப்பேன். ஒருத்தர் ஒரு கேள்வி கேட்டிருக்க மாட்டாங்க." சொன்ன பிறகு அந்த அம்மாளுக்கே தூக்கிவாரிப்போட்டது. லோவெல் மேஜையைப் பார்த்தான், பிறகு ரேலினைப் பார்த்தான். அந்த நிமிடம் தன் மனதில் ஓடியதை அவன் அப்புறம் யாரிடமும் சொன்னதில்லை.

ரேலினுக்கு நடுக்கம் தொடங்கியது. தரை பளிங்கு, ஐஸாகக் குளிர்ந்தது. மேஜைமேல் தூக்கிப் படுக்கவைத்தாலாவது தேவலை என்று நினைத்து லோவெல் அங்கே போனான். காகிதங்களைத் தள்ளினான். தண்ணீர்க் குவளைகளை நகர்த்தினான். நடுவில் ஒரு கைக்குட்டைமேல் க்ராட்டக்கின் துப்பாக்கி கிடந்தது. அதை எங்கே வைப்பது என்று தெரியாமல் கையில் எடுத்துக்கொண்டு நின்றான்.

காலையிலிருந்து முதல் தடவையாக ஒன்பது பேரும் அவனைப் பார்த்தார்கள்.

"தம்பி," என்றார் க்ராட்டக், தேனாக. "உங்களுக்கு என்ன வேணும்?"

"இல்ல, இத எங்க வைக்கிறதுன்னு…"

"வைக்க வேணாம், வைக்க வேணாம். என்ன வேணும்னு மட்டும் சொல்லுங்க."

லோவெலுக்குப் புரியக் கொஞ்ச நேரம் ஆயிற்று. "வெளிய போகணும்," என்றான்.

டூலி அதற்குள் சாவியை நீட்டிவிட்டிருந்தார்.

"விதி என்னாச்சு?" என்று, மறுபடி மேஜைக்கு அடியில் புகுந்துவிட்டிருந்த ஆஸ்ட்ராண்டரின் குரல் கேட்டது.

"உயிருக்கு ஆபத்துன்னு எனக்குத் தோணினா விதிய மீறலாம்மா," என்றார் டூலி. "தோணினா போதும். எவ்வளவு ஆபத்துன்னெல்லாம் சட்டம் கேக்காது."

டாக்டர் ஃபென்விக் வாய்விட்டுச் சிரித்தார். சிரிப்பு நிற்கவில்லை. முகத்தை இரண்டு கைகளாலும் மூடிக்கொண்டார்.

"துப்பாக்கி வெச்சிருக்கறது உங்க உரிமை தம்பி," என்றார் க்ராட்டக், கைகளைத் தூக்கியபடி. "அதுக்காக நான் உயிரயும் குடுப்பேன். இப்ப வேணாம்."

லோவெல் ஒரு கையில் ரேலினை அணைத்துக்கொண்டு, மறு கையில் துப்பாக்கியோடு கதவைத் திறந்தான். டாக்டர் பின்னாலேயே வாசல்வரை வந்தார். "வேகமா ஓட்டுங்க. எங்கன்னு நான் சொல்லல," என்று சொல்லிவிட்டு, வடக்குப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு நின்றார்.

கீழே காவலர் அவர்களைப் பார்த்தார். ரத்தத்தில் நனைந்த பெண்ணையும் பார்த்தார், துப்பாக்கியையும் பார்த்தார். "அட, கொண்டு வந்துட்டீங்களா சார்!" என்று விரைவு வரிசையின் தடுப்பைத் திறந்துவிட்டார். லோவெல் துப்பாக்கியை அங்கிருந்த தட்டில் வைத்துவிட்டு ஓடினான்.

பிக்கப் வண்டி நெடுஞ்சாலையில் பறந்தது. எதிர்வீட்டுக்காரர் எங்காவது நின்று பார்த்துக்கொண்டிருப்பாரோ என்று லோவெலுக்குக் கண்ணாடியில் பார்க்கும்போதெல்லாம் தோன்றியது. ரேலினுக்குப் பல் கிட்டியது. நெற்றி கொதித்தது.

"காய்ச்சல் வந்துருச்சு லோவெல்," என்றாள். "இப்ப போதுமான்னு கேட்டுட்டு வர்றியா?"

அவன் அழுதுகொண்டே ஓட்டினான்.

எல்லையைத் தாண்டியதும் இருந்த முதல் ஆஸ்பத்திரியில் அவளை உள்ளே தள்ளிக்கொண்டு ஓடினார்கள். ஒரு நர்ஸ் லோவெலிடம் விவரம் கேட்டாள்.

"தண்ணி எப்ப உடைஞ்சுது?"

"மத்தியானம்."

"மத்தியானமா! டாக்டர் யாரும் பக்கத்துல இல்லையா?"

"இருந்தாங்க. எங்க டாக்டரே இருந்தாங்க."

"அப்புறம் ஏங்க இவ்வளவு நேரம் விட்டீங்க?"

"ஓட்டெடுப்புல தோத்துட்டோம்," என்றான் லோவெல்.

அதிர்ச்சியில் உளறுகிறான் என்று நினைத்து, நர்ஸ் அவனை உட்காரவைத்துக் குடிக்க ஆரஞ்சு ஜூஸ் கொடுத்தாள்.

குழந்தை உயிரில்லாமல் வந்தது. கம்பளித் துணியில் சுற்றி, தலைக்குச் சின்னத் தொப்பி போட்டு ரேலினிடம் கொடுத்தார்கள். அவளாக நீட்டும்வரை யாரும் வந்து வாங்கிக்கொள்ளவில்லை. கிருமி ரத்தம்வரை ஏறியிருந்தது. பல நாள் அவள் கண்ணைத் திறப்பதும் மூடுவதுமாகக் கிடந்தாள். பிறகு பிழைத்துக்கொண்டாள்.

ஊர்ச் செய்தியெல்லாம் லோவெலின் கைபேசிக்கு வந்தது. ஒரு துணிச்சலான குடிமகன் கையிலிருந்த துப்பாக்கியால் ஒரு பெண்ணின் உயிர் காப்பாற்றப்பட்டது என்று க்ராட்டக் அவையில் உருக்கமாகப் பேசி, லோவெலுக்குப் பாராட்டுப் பத்திரம் வழங்க முன்மொழிந்தார். அவன்மேல் எந்த வழக்கும் இல்லை. ஆஸ்ட்ராண்டருக்கு நன்கொடை கொட்டியது. நன்றி தெரிவித்து ரேலினுக்குப் பூங்கொத்து அனுப்பியிருந்தார், கூடவே ஒரு புகைப்படக்காரரையும். டாக்டர் ஃபென்விக்மேல் மட்டும் விசாரணை நடந்தது. சட்டம் தடுத்த ஒரு காரியத்தைச் செய்யும் எண்ணத்தோடு அவர் நாற்காலியிலிருந்து எழுந்திருக்கிறார்.

வீட்டுக்குப் போகலாம் என்று சொன்ன அன்று, அங்கிருந்த டாக்டர் ரேலினிடம், "அடுத்த தடவை எல்லாம் நல்லபடியா இருக்கும். ஆனா ஆரம்பத்துலேருந்தே நல்ல ஆஸ்பத்திரி பக்கத்துல இருந்துக்கோங்க," என்றார். ரேலின் தலையை ஆட்டினாள்.

திரும்பும் வழியில் எங்கள் மாநிலத்தின் வரவேற்புப் பலகை தெரிந்ததும், "நிறுத்து," என்றாள்.

லோவெல் சாலையோரமாக நிறுத்தினான். லாரிகள் வண்டியை உலுக்கிக்கொண்டு போயின. பலகையில் சூரியகாந்திப் பூக்கள் வரைந்திருந்தார்கள்.

"இந்தப் பக்கமே இருந்துட்டா என்ன?"

"எங்க இருக்கறது ரேலின்?"

"தெரியல."

"வீடு அங்க இருக்கு. உன் கடை அங்க இருக்கு. உங்கம்மா அங்க இருக்காங்க."

"தெரியும்."

ரேலின் பலகையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"நான் இனிமே அங்க பிள்ள பெத்துக்க மாட்டேன் லோவெல்."

"சரி."

"சரின்னா என்ன அர்த்தம்?"

"சரின்னா சரிதான். வேற என்னத்தச் சொல்ல?" அவன் ஸ்டியரிங்கை இறுகப் பிடித்திருந்தான். "எனக்கும் அங்க போகப் பயமாத்தான் இருக்கு. நான் பொறந்த ஊரு அது."

ஆனால் மறுநாள் திங்கட்கிழமை. காலையில் தெருமுனைகளில் பிள்ளைகள் பைகளோடு பேருந்துக்காக நிற்பார்கள். லோவெல் வண்டியைக் கிளப்பினான்.

பலகை நெருங்கும்போது ரேலின் மூச்சைப் பிடித்துக்கொண்டாள். பலகையைத் தாண்டி வெகுதூரம் வந்த பிறகும் அவள் அதை வெளியே விடவில்லை.